நடிகர் வகுப்பறைக்குப் போனால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பல ஆண்டுகளாக விரும்பிப் பார்த்துவந்த மேடை நடிகர் ஒருவர், பல்கலைக்கழக நாடகத்துறையில் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டார். மாதச் சம்பளத்துக்காக அவர் அரங்குக்குத் துரோகம் செய்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. நடிப்பைக் கற்பிக்கத்தான் முடியுமா? இதுபற்றி எந்த நூல்களைப் படிக்கலாம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நூல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு நடிகர் மாதம் தவறாமல் வீட்டு வாடகை கொடுப்பது கலைக்கு நேர்ந்த இழுக்கு அன்று என்பதால் சம்பளத்தைப் பற்றியும் பேசப்போவதில்லை. பிடித்த நடிகர் இல்லாத மேடை வெறிச்சோடித் தெரியும். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அவரைத் துரோகி என்று தூற்றுகிற நீங்கள், அவருடைய நாடகங்களுக்குக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினீர்களா, ஓசி அழைப்பிதழுக்காகக் காத்திருந்தீர்களா என்பதையும் எழுதியிருக்கலாம்.

நடிகர் ஆசிரியராவது தமிழ் அரங்குக்குப் புதிதல்ல. எமன், இரணியன், சனீஸ்வரன் என்று காண்போரை நடுங்கவைக்கும் வேடங்களைப் பூண்ட சங்கரதாஸ் சுவாமிகள், பின்னர் அரிதாரத்தைத் துறந்து நாடக ஆசிரியராகவே வாழ்ந்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவனாகச் சேர்ந்தவர்தான் பின்னாளில் புகழ்பெற்ற மேடை நடிகர் ‘அவ்வை’ சண்முகம் ஆனார். அந்தச் சபையில் பகலில் பாடம் கேட்ட பிள்ளை இரவில் சீட்டு வாங்கி வந்த கூட்டத்தின் முன் நிற்க வேண்டும். பாட்டு பிசகினால் ஆசிரியருக்கு முன்னால் கூட்டமே சொல்லிவிடும். சிறுவர்களைக் கொண்டு நாடகம் போட்ட இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளின் பிரம்படியை நான் கொண்டாடவில்லை. கற்பதும் நடிப்பதும் ஒரே கூரையின் கீழ் இருந்ததைச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் அந்தக் கூரையை இரண்டாகப் பிரித்துவிட்டது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சுவாமிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் பட்டத்தைக் கேட்கும் இன்றைய விதிகளின்படி, சுவாமிகளே வந்தாலும் அங்கு நிரந்தர ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது! தொழில் அனுபவத்தையே தகுதியாகக் கொண்டு ஒருவரைப் பேராசிரியராக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ஒரு வாசலைத் திறந்தது உண்மைதான். அதற்கும் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும். நீட்டிப்பையும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. ஒரு மாணவனின் குரல் பழகி வருவதற்குள் ஆசிரியர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

உங்கள் நடிகர் பட்டம் பெற்று உள்ளே போயிருக்கிறார், நல்லது. அவர் ஆய்வுக் கட்டுரை எழுதியே களைத்துவிடுவாரா என்பதுதான் என் கவலை. நடிகராக இருந்து பேராசிரியரான ஒருவருடைய ஒத்திகையை முன்பு பார்த்திருக்கிறேன். வசனமே இல்லாத காவலாளி வேடத்தில் நின்ற மாணவியிடம், அரசன் பேசும்போது அவள் எங்கே மூச்சை இழுக்கிறாள் என்று கேட்டு, அந்த இடம் பிடிபடும்வரை அவர் காட்சியை நகர்த்தவே இல்லை. அரங்கில் பலமுறை வாய்திறவாமல் நின்றவருக்குத்தான் அந்தக் கேள்வி எழும். கற்பிக்க முடியுமா என்ற உங்கள் ஐயத்துக்கு வேறு விடை என்னிடம் இல்லை. ஆனால் அந்த நாடகத்தைத் தேர்வாளர்களும் சக மாணவர்களும் மட்டுமே பார்த்தார்கள் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

எனவே அவரிடம் கோபித்துக்கொள்ளாமல், இந்த ஆண்டு மாணவர் நாடகத்தை எங்கே போடுகிறார் என்று கேட்டு எழுதுங்கள். வளாகத்துக்கு வெளியே என்றால் எனக்கும் ஒரு சீட்டு வாங்கிவையுங்கள், பணத்தைத் தந்துவிடுகிறேன்.