டெண்டர் ஒப்பந்தத்தை 'ரகசியம்' என்று தர மறுத்தால் காரணம் கேட்க முடியுமா?

நகராட்சி கொடுத்த ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டதற்கு "வணிக ரகசியம், பிரிவு 8(1)(டி)" என்று ஒரே வரியில் பதில் வந்ததாகவும், காரணம் கேட்க உரிமை உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. அதே வரியை ஒருவருக்கு எழுதி அனுப்பியவன் நான் என்பதால் சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தபோது பொதுத் தகவல் அலுவலர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலும், டெண்டர் போட்டவர்களின் விலை ஒப்பீட்டுப் பட்டியலும் கேட்டு ஒரு தையல்கடைக்காரர் மனு போட்டார். வெள்ளைத் தாளில் பென்சிலால் கோடு போட்டு அதன்மேல் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டியிருந்தார். அவர் தெருவில் விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். எனக்கு முன்னால் இருந்தவர் யாருக்கோ அனுப்பிய பதிலை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்பிவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. டெண்டர் கோப்பு என்றாலே யாருக்கும் காட்டக்கூடாது என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பழகியிருந்தேன்.

அவர் மேல்முறையீடு செய்தார். எங்கள் மேலதிகாரி இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, கோப்பை என் பக்கம் தள்ளினார். "இதுல எந்தப் பக்கம் ரகசியம்? வெளியே போனா யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லுங்க."

புரட்டினேன். ஒரு விளக்குக்கு மாதம் இவ்வளவு என்று விலை. பழுதானால் எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்று நிபந்தனை. ஒப்பந்ததாரர் தன் விவரத்தை ரகசியமாக வைக்கும்படி ஒரு கடிதம்கூடக் கொடுத்திருக்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. தையல்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, "எதுவும் இல்லைங்க மேடம்" என்றேன். அந்த நிமிடம் இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்றிரவுதான் சட்டத்தை முழுதாகப் படித்தேன். வணிக சம்பந்தம் இருக்கிறது என்பதற்காக மட்டும் 8(1)(டி) பொருந்திவிடாது. வெளியிட்டால் மூன்றாம் தரப்பின், அதாவது இங்கே ஒப்பந்ததாரரின், போட்டி நிலைக்குக் கேடு வர வேண்டும். அப்படி வந்தாலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம். மறுத்தால் காரணம் எழுத வேண்டும் என்கிறது 7(8). என்னைக் கேட்டால் பிரிவு எண் காரணமே ஆகாது. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டியது மறுத்த அலுவலர் என்கிறது 19(5). அப்புறம், தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமே இருக்கிறது. டெண்டர் பரிசீலனை நடக்கும்வரைதான் ரகசியம். முடிவான பிறகு யாருக்குக் கிடைத்தது, மற்றவர்களை ஏன் தள்ளினார்கள் என்பது அரசு வெளியிடும் டெண்டர் இதழுக்குப் போக வேண்டிய தகவல்.

எல்லாவற்றையும் திறந்து போடச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பான் எண், வங்கிக் கணக்கு, ஒரு கம்பெனி சொந்தமாக வடிவமைத்த மோட்டார் வரைபடம் இவையெல்லாம் காக்க வேண்டியவைதான். பின்னாளில் நானே மறுத்திருக்கிறேன். ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, போனால் யாருக்கு எப்படி நஷ்டம் என்று எழுதி, அதை மட்டும் மறைத்து, பிரிவு 10-இன்படி மீதியைக் கொடுத்தேன். ஆஸ்திரேலியாவில் 2001 முதல் செனட் (நாடாளுமன்ற மேலவை) போட்ட ஓர் உத்தரவு இருக்கிறது. ஒரு லட்சம் டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தங்களைத் துறைகள் இணையத்தில் பட்டியலிட்டு, ரகசிய நிபந்தனை இருந்தால் அதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். யாரும் மனு போடும்வரை காத்திருப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தகவல் அலுவலர்கள் எல்லாரும் திருடர்கள் என்று எழுதுகிறவர்களுக்கு: மூன்று இருக்கை வேலையை ஒருவனாகப் பார்த்தேன். காலிப் பணியிடத்துக்கு ஆள் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. தினம் 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விழுவது தகவல் அலுவலர் தலையில். 'கொடுக்காதே' என்று வாய்வார்த்தையாகச் சொல்லும் மேலிடத்துக்கு ஒன்றும் ஆகாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், கட்டணம் இல்லை. எந்தப் பக்கம் ரகசியம், வெளியானால் யாருக்கு என்ன கேடு, ஒப்பந்ததாரருக்குப் பிரிவு 11-இன்படி அவர் கருத்தைக் கேட்டு நோட்டீஸ் போனதா, மீதிப் பக்கங்களை ஏன் தரவில்லை என்று கேளுங்கள்.

தையல்காரருக்கு 22 பக்கம் கொடுத்தேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், 44 ரூபாய் கட்டினார். என் மேஜை முன்னால் நின்றபடியே பழுது நிபந்தனை இருந்த பக்கத்தைத் தேடியெடுத்து, நாள் கணக்குப் போட்டிருந்த வரியின் கீழே நகத்தால் அழுத்திக் கோடு போட்டுக்கொண்டார்.