303 றைபிளில் ரவை சிக்குவது ஏன்?

கேள்வி: திருகோணமலையில் உள்ள காட்சிக்கூடமொன்றில் பழம்பொருட்களைப் பராமரித்து வருகிறேன். எம்மிடமுள்ள பழைய லீ-என்ஃபீல்ட் 303 றைபிளின் இயக்கத்தை மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பயிற்சி ரவைகளை நிரப்பினால், இரண்டு மூன்று ரவைகள் சீராக ஏறிய பின், ரவையை முன்னே தள்ளும் தண்டான போல்ட் இறுகி நின்றுவிடுகிறது. ரவைக்கூட்டின் மேல் உதடுகளைக் குறட்டால் சற்று வளைத்தால் சரியாகும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்ய வேண்டாம். ரவை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் போல்ட்டின் முன் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அந்த உதடுகளே. ஒருமுறை வளைந்த உதட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். நீங்கள் கூறும் அறிகுறியைப் பார்த்தால், குறை பெரும்பாலும் ரவைகளை அடுக்கிய முறையில்தான் இருக்கிறது.

303 ரவையின் கோது, அதாவது வெளியுறை, அடியில் அகன்ற விளிம்பு கொண்டது. ரவைக்கூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ரவைகள் கிடக்கும்போது, மேலுள்ள ரவையின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். அது பின்னால் விழுந்துவிட்டால், போல்ட் மேல் ரவையை முன்னே தள்ளும்போது அதன் விளிம்பு கீழ் ரவையின் விளிம்பில் கொளுவிக்கொள்ளும். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு இறுகும். சரியாக விழுந்தவை தடையின்றி ஏறி, தவறாக விழுந்த ஒன்றில் இயக்கம் நின்றுபோவதற்கு இதுவே காரணம். ஆகவே போல்ட்டைத் திறந்து, ரவைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக, புதிய ரவையின் விளிம்பு முந்தையதற்குச் சற்று முன்னால் அமையும்படி வைத்து அழுத்துங்கள். ரவைக்கூட்டைக் கழற்றி எடுத்து நிரப்புவது இக்கால வழக்கம். ஆனால் இந்த றைபிளில் ஐந்து ரவைகள் கொண்ட கிளிப்புகளால், பொருத்திய நிலையிலேயே மேலிருந்து பத்து ரவைகளையும் நிரப்புவதே முறையாக இருந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் சிக்கினால், ரவைக்கூட்டைக் கையால் மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தபடி போல்ட்டை மெதுவாக மூடிப் பாருங்கள். அப்போது ரவை சீராக ஏறினால், ரவைக்கூட்டைத் தாங்கும் கொளுவி தேய்ந்து அது தாழ்ந்து நிற்கிறது என்று பொருள். போல்ட் ரவையைத் தொடாமலே மேலால் சென்றால், முதலில் வலப்பக்கத்தில் தட்டையான தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வகைகளில் அதை உள்ளே தள்ளினால் ரவைக்கூடு மூடப்பட்டு, துப்பாக்கி ஒற்றை ரவை நிரப்பும் கருவியாகிவிடும். வெளியே இழுத்தால் போதும். முதலாம் உலகப் போர்க்காலத்தில் உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காக இதைக் கைவிட்டார்கள் என்பதால், உங்களுடையதில் இல்லாமலும் இருக்கலாம்.

திருகோணமலையின் உப்புக்காற்றையும் வடகீழ்ப் பருவமழைக்கால ஈரப்பதனையும் எண்ணும்போது, ரவைக்கூட்டின் ஸ்பிரிங்கையும் நான் சந்தேகிப்பேன். வெறுங்கூட்டில் ரவையைத் தாங்கும் தட்டை விரலால் முழுதாக அழுத்தி விடுங்கள். அது எங்கும் தயங்காமல் மேலே வர வேண்டும். தயங்கினால், இறுகிப்போன பழைய கிறீஸையும் துருவையும் மென்மையாக அகற்றி, மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் பலப்படுத்த முயல வேண்டாம். போல்ட் முனையில் கோதின் விளிம்பைப் பற்றும் கொக்கியின் அடியிலும் அழுக்குச் சேர்ந்திருக்கும். அதுவும் கடைசி அரை அங்குலத்தில் போல்ட்டைத் தடுக்கலாம்.

பயிற்சி ரவைகளையும் அளந்து பாருங்கள். அசல் ரவையின் மொத்த நீளம் ஏறத்தாழ 78 மில்லிமீற்றர். விளிம்பு தேய்ந்த, குட்டையான அல்லது முனை சிதைந்த போலி ரவைகளை வைத்துக்கொண்டு துப்பாக்கியைக் குறைகூறுவது முறையல்ல. ஒவ்வொன்றிலும் வெடிமருந்து இல்லை என்பதைப் பக்கத்துளை மூலம் உறுதிசெய்து, நீங்கள் இருக்கும் அறையில் வேறெந்த ரவையும் இல்லாத நிலையிலேயே இதைச் செய்ய வேண்டும்.

பிரித்தானியர் 1957 வரை கடற்படைத் தளமாக வைத்திருந்த துறைமுகம் உங்களுடையது. அக்காலப் படைக்கலமொன்றின் அசல் உதிரிப்பாகம் உடைந்தால் மாற்று எளிதில் கிடைக்காது. எனவே கொளுவியோ உதடோ உண்மையிலேயே தேய்ந்திருந்தால், 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உங்களிடமுள்ள அனுமதியைச் சரிபார்த்து, அதிகாரம் பெற்ற திருத்துநரிடம் போல்ட், ரவைக்கூடு, துப்பாக்கி மூன்றையும் ஒன்றாகவே ஒப்படையுங்கள். ஒப்படைக்கும் முன், போல்ட்டின் கைப்பிடியிலும் துப்பாக்கியின் உடலிலும் பொறித்துள்ள தொடரிலக்கங்களைப் பதிவேட்டில் எழுதிப் படமும் எடுத்து வையுங்கள்.