டீச்சர் ஏன் வருகிறார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் மகளின் கணக்கு டீச்சருக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் முடிந்த நாட்களில் வகுப்புக்கு வந்துவிடுகிறார். முடியாத நாட்களில் படுக்கையில் இருந்தபடியே வீடியோவில் பாடம் எடுக்கிறார். பள்ளி அவர் படத்தைப் போட்டு, ‘அர்ப்பணிப்பு என்றால் இதுதான்’ என்று பகிர்ந்திருக்கிறது. எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, என்னவோ உறுத்தவும் செய்கிறது. மகள் கேட்கிறாள்: “எங்களுக்காகத்தான் டீச்சர் உடம்பைக் கெடுத்துக்கிறாங்களா?” நான் என்ன சொல்ல?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

‘ஆமாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளை அந்தச் சுமையோடு உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீண்ட சிகிச்சையில் இருப்பவரை நாள் முழுக்க எல்லாரும் நோயாளியாகவே நடத்துவார்கள். கையை நீட்டச் சொல்வார்கள், எடை பார்ப்பார்கள், சாப்பிட்டீர்களா என்பார்கள். வகுப்பில் மட்டும்தான் ஒருவர் எழுந்து, “டீச்சர், மூணாவது வரி எப்படி வந்துச்சு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அவர் வரலாம். கேட்காமல் நாம் முடிவு செய்ய வேண்டாம்.

கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு, அது இவ்வளவு இதமானதல்ல. விடுப்பு தீர்ந்துபோய், சம்பளம் நின்றுவிடும் என்பதால் வருகிறாரா? அப்படியென்றால் பள்ளி போட்ட அந்தப் படம் பாராட்டே அல்ல. தான் செய்யத் தவறியதற்குத் தானே மாலை போட்டுக்கொள்கிறது. உங்களை உறுத்துவது இதுவாகத்தான் இருக்கும்.

சரி, அவர் விரும்பியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீமோவில் பல மருந்துகளை இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். குமட்டலும் சோர்வும் பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் கடுமையாக இருக்கும். அப்புறம் கொஞ்சம் தெளிந்து, ‘பள்ளிக்குப் போகலாம்’ என்று தோன்றும். ஆனால் வெள்ளையணுக்கள் மிகவும் குறைவதும் ஏறக்குறைய அப்போதுதான், மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள். முகம் தெளிவாக இருக்கும், உடம்புக்குள் காவல் இருக்காது. அந்த நேரத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே அந்த வகுப்புப் பிள்ளைகள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை, சளி பிடித்தால் வீட்டில் இருப்பது. எந்தப் பாராட்டு விழாவும் இதற்கு ஈடில்லை.

சில கீமோ மருந்துகளால் விரல் நுனிகள் மரத்துப்போகும். சாக்பீஸ் பிடிப்பதே பாடாகிவிடும். மனம் மந்தமாகி, பாதிக் கணக்கில் அடுத்த படி மறந்து நிற்பதும் நடக்கும். கணக்கு டீச்சருக்கு இது வலியைவிடக் கொடுமை. ஒரு மாணவி பலகையில் எழுத, அவர் உட்கார்ந்து சொல்லித்தந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இதற்குப் பணமும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம்.

நிர்வாகங்கள் இதைத் தலைகீழாகச் செய்யும். “நீங்க ஓய்வெடுங்க மேடம்” என்று வகுப்பை எடுத்துக்கொண்டு, “வீட்டிலிருந்தே செய்யலாமே” என்று விடைத்தாளையும் மதிப்பெண் பட்டியலையும் அவரிடமே அனுப்பிவைக்கும். அவருக்கு உயிரூட்டும் வேலை போய், உயிரை வாங்கும் வேலை மட்டும் மிஞ்சும். எதை வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று அவரிடம் கேட்டு, மீதியை மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்டீபன் ஹாக்கிங்கின் கதையை எல்லாரும் மனவலிமைக் கதையாகவே சொல்கிறார்கள். 1963இல், 21 வயதில், நரம்பு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவர்கள் இரண்டு வருடம் என்றார்கள். அவர் 2018 வரை வாழ்ந்தார், எத்தனையோ முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டினார். மனவலிமைதான், மறுக்கவில்லை. ஆனால் கை எழுத மறுத்தபோது மாணவர்கள் சமன்பாடுகளை எழுதினார்கள். பேச்சு குழறியபோது, பழகிய மாணவர்கள் அவர் சொல்வதைக் கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். இளம் ஆய்வாளர்கள் அவர் வீட்டிலேயே தங்கி அன்றாட வேலைகளில் உதவியதும் உண்டு. 1985இல் மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சையால் குரலே போனபின் கணினி வந்தது. இத்தனை பேர் தோள்கொடுத்ததை விட்டுவிட்டு அவரது மன உறுதியை மட்டும் சொன்னால், அடுத்த நோயாளியிடம் ‘நீயும் உறுதியாக இரு’ என்று சொல்லிவிட்டு நாம் கழன்றுகொள்ளலாம்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராண்டி பாஷ் எடுத்த முடிவு வேறு. 2006இல் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2007 செப்டம்பர் 18 அன்று அவர் ஆற்றிய உரை உலகப் புகழ்பெற்றது. அதற்குள் அவர் மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் இருப்பதற்காகக் குடிபெயர்ந்திருந்தார். அந்த உரையே தன் பிள்ளைகளுக்காகத்தான் என்று முடிவில் சொன்னார். 2008 ஜூலையில், 47 வயதில் இறந்தார். வகுப்பை விட்டு விலகியதால் அவர் குறைந்த ஆசிரியரா?

அந்தப் படத்தில் எனக்குள்ள கோபமும் இதுதான். அதே பள்ளியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆசிரியர் ஒருவர் இருந்தால்? வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்போல. முடிந்தபின் எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. ‘அர்ப்பணிப்பு என்றால் இதுதான்’ என்ற வரி அவர் கண்ணில் எப்படிப் படும்? அப்புறம், தன் நோயை ஊருக்குச் சொல்ல உங்கள் டீச்சர் சம்மதித்தாரா? பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். அவர் சம்மதிக்கவில்லை என்றால் படத்தை எடுக்கச் சொல்லுங்கள். விடைத்தாள்களை யார் திருத்துகிறார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

மகளுக்கு என் பதில் நீளமாகத் தோன்றும். “டீச்சருக்குக் கணக்குச் சொல்லித்தரப் பிடிக்கும், உடம்பை டாக்டர்கள் பார்த்துக்கிறாங்க, நீ புரியாததைக் கேளு” என்று சொன்னால் போதும். தும்மல் வந்தால் மட்டும் அன்றைக்கு லீவு.