கேள்வி-பதில்: தியேட்டர் சாமான் ரூ. 31,400

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி பில் பற்றியவை. மிக்சி, செல்போன் வாரண்டிக்காரர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ‘பேக்கேஜ் 85,000’ என்று வாயால் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில் 1,27,600. அதில் ‘தியேட்டர் கன்ஸ்யூமபிள்ஸ் 31,400’ என்று, ஆபரேஷன் தியேட்டரில் செலவான சாமான்களுக்கு ஒற்றை வரி. கேட்டால் ‘அப்படித்தான் வரும் சார்’ என்கிறார்கள்.
(வாசகர், திண்டுக்கல்)

பணத்தைக் கட்டிவிட்டுத்தான் எழுதியிருப்பீர்கள். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு யாரால் வாதாட முடியும்? உங்கள்மேல் தப்பில்லை.

இப்போது அந்த ஒற்றை வரிக்கு உருப்படிவாரியான பில் வேண்டும் என்று கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் கட்டண வெளிப்படைத்தன்மை ஓர் உரிமை. சாசனம் மட்டுமே சட்டமாகிவிடாது. ஆனாலும் கடிதத்தில் எழுத நல்ல வரி. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ‘பேக்கேஜ் 85,000’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது வந்திருக்கிறதா, தேடிப் பாருங்கள். அது கிடைத்தால் உங்கள் கை ஓங்கும்.

எப்போதும் ஆஸ்பத்திரிகளையே திட்டுகிறீர்கள். நாங்கள் 20 படுக்கை நர்சிங் ஹோம் நடத்துகிறோம். ஒவ்வொரு நோயாளிக்கும் எத்தனை பஞ்சு, எத்தனை கையுறை என்று எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?
(வாசகி, ஈரோடு)

எண்ண வேண்டாம் அம்மா. கல்யாணச் சமையல்காரர் உப்பை எண்ணுவதில்லை. ஆனால் 500 இலைக்கு எத்தனை படி அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய், எத்தனை ஆள் எத்தனை மணி நேரம் என்பது அவருக்கு அத்துப்படி. ‘இதர செலவு 30,000’ என்று அவர் சீட்டு நீட்டினால் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? ஆஸ்பத்திரியில் மட்டும் விட்டுவிடுகிறோம். என் பல வருடக் கோபம் இது, கொஞ்சம் நீளும்.

முதலில் சாமான்களைக் குவியலாகப் பிரியுங்கள். குடலிறக்க ஆபரேஷன் என்றால் யார் படுத்தாலும் செலவாகும் கவுன், கையுறை, காஸ், பிளேடு, தையல் நூல் எல்லாம் ஒரு செட். செட்டுக்கு ஒரே விலை, அதுவும் நீங்கள் கொள்முதல் செய்த விலையை ஒட்டி. ஆளுக்கு ஆள் மாறுகிற, குடலிறக்கத்தை அடைக்க உள்ளே வைக்கும் வலை, மயக்க மருந்து போன்றவை தனிக் குவியல். அவற்றுக்கு மட்டும் பெயர், பேட்ச் எண், விலை. ஸ்பிரிட், சோப்பு மாதிரி எல்லோருக்கும் பொதுவானதை அறை வாடகையிலோ தியேட்டர் வாடகையிலோ அடக்கிவிடுங்கள்.

அடுத்தது ஆட்களின் நேரம். 24,000 சம்பளம் வாங்கும் ஒரு நர்ஸை எடுத்துக்கொள்வோம். 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 12,480 நிமிடம். சாப்பாடு, ஷிஃப்ட் மாற்றம் என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 10,000. நிமிடத்துக்கு 2 ரூபாய் 40 காசு. இரண்டு நர்ஸ் தியேட்டரில் ஒன்றரை மணி நேரம் நின்றால் 432 ரூபாய். தயார்ப்படுத்தும் நேரத்தையும் கண் விழிக்கும்வரை பார்த்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து 800 என்றே வையுங்கள். மயக்க மருந்து டாக்டர், டெக்னீஷியன், ஆயா என்று ஒவ்வொருவருக்கும் இதே கணக்கு. ஒருநாள் மதியம் உட்கார்ந்தால் நீங்கள் அதிகம் செய்யும் பத்து ஆபரேஷனுக்கும் போட்டுவிடலாம்.

போட்டுப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கையுறையும் நர்ஸும் சல்லிக்காசு. சும்மா கிடக்கும் தியேட்டர்தான் உங்களைத் தின்கிறது. மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எப்படிக் குறைந்த செலவில் கண்புரை ஆபரேஷன் செய்கிறது? ஒரு மேசையில் டாக்டர் முடிக்கும்போது அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். தயார்ப்படுத்துவது பயிற்சி பெற்ற பெண்கள். டாக்டரின் நிமிடம் வீணாவதில்லை. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

உங்களுக்கு அவ்வளவு கூட்டம் வராது, புரிகிறது. ஜெனரேட்டர் கடனும் ஸ்டெரிலைசர் கரண்டும் நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஓடும். அதைத் தியேட்டர் வாடகை என்று நேராக எழுதி வாங்குங்கள், ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சிரிஞ்சின் விலைக்குள் ஒளித்து வைப்பதுதான் அசிங்கம். டெல்லி வட்டாரத்தில் 4 தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018இல் ஆராய்ந்தபோது சில சாமான்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. அச்சடித்த எம்ஆர்பிக்கு மேல் ஒரு பைசாகூட வாங்காமலே இப்படிச் சம்பாதிக்கலாம். எம்ஆர்பியை ஏற்றி அச்சடித்தால் போதும்.

இன்சூரன்ஸில் காஸ், பிளேடு, தொப்பி, கையுறை என்று 9,300 ரூபாயைக் கழித்துவிட்டார்கள். எங்கே முறையிடுவது?
(வாசகர், நாகர்கோவில்)

முதலில் ஆஸ்பத்திரியிடம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியல்படி காஸ், பஞ்சு, பிளேடு, டேப் எல்லாம் ஆபரேஷன் கட்டணத்தில் அடக்கம். தொப்பி, கவுன், கையில் கட்டும் அடையாளப் பட்டை அறை வாடகையில் அடக்கம். அவற்றுக்குத் தனியே பில் போட்டதே கோளாறு, திருப்பிக் கேளுங்கள். பரிசோதனைக் கையுறை, நெபுலைசர் கிட் போன்றவை மட்டும், பாலிசியில் கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவரை, உங்கள் கைக்காசுதான்.

தனி அறை எடுத்தேன். அறை வாடகை வித்தியாசம் போதாதென்று டாக்டர் ஃபீஸிலும் விகிதம் போட்டுக் கழித்திருக்கிறார்கள்.
(வாசகர், சேலம்)

பாலிசியில் அறை வாடகை வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டினீர்கள், கழித்தார்கள். மருந்து, உடலுக்குள் வைக்கும் இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணங்களில் அப்படிக் கழிக்கக் கூடாது. அதை மட்டும் சரிபாருங்கள். மற்றதெல்லாம் நீங்கள் படிக்காமல் போட்ட கையெழுத்து.

மூன்று இடங்களுக்குப் போன் செய்து, மிகக் குறைவாக 18,000 சொன்ன இடத்தில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வைத்தேன். லென்ஸ் தனியாக 22,000 என்று பிறகு சொன்னார்கள். இது ஏமாற்று இல்லையா?
(வாசகர், தாம்பரம்)

கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்பதுபோல் கேட்டிருக்கிறீர்கள். லென்ஸ் சேர்த்தா, சொட்டு மருந்து சேர்த்தா, மறு செக்கப் சேர்த்தா என்று மூன்று இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா? அவர்கள் செய்ததும் யோக்கியம் இல்லை. ஆனால் ‘லென்ஸ் உட்பட’ என்று எங்கும் சொல்லாதபோது வழக்கு நிற்பது கஷ்டம்.

உங்களைத் திட்ட எனக்கும் அருகதை குறைவுதான். என் அம்மாவுக்கு ‘கண்ணாடியே வேண்டாம்’ என்று சொல்லி விற்ற இறக்குமதி லென்ஸை மூன்று மடங்கு விலை கொடுத்து வைத்தேன். பஞ்சாங்கம் பார்க்க இன்றும் கண்ணாடியைத் தேடுகிறார்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை உண்டா?
(வாசகர், தஞ்சாவூர்)

உண்டு. 2017 பிப்ரவரியில் மருந்து பூசியதற்கு 29,600, பூசாததற்கு 7,260 என்று வைத்தார்கள். பிறகு அவ்வப்போது மாறியிருக்கிறது. இன்றைய விலை, தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பில்லோடு ஒட்டி வையுங்கள்.

1,999 ரூபாய்க்கு 90 டெஸ்ட் என்று முழு உடல் பரிசோதனை விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
(வாசகி, ஓசூர்)

நான் வாங்கினேன். இரண்டு எண்கள் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே நின்றன. அவற்றைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட் என்று இன்னொரு 7,400 போயிற்று. கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுக்கும் நான்கு டெஸ்ட்டை மட்டும் எடுங்கள்.