கழற்றிய மூட்டைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு (வயது 64) இரண்டரை வருஷம் முன்பு சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலது முழங்கால் மூட்டு மாற்றினோம். மொத்தச் செலவு நாலு லட்சம். ஆறு மாதமாகப் படி ஏறினால் ‘கடக், கடக்’ என்று சத்தம், வலி. “லூஸாகிவிட்டது, திரும்ப மாற்ற வேண்டும்” என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் ஆபரேஷன். வைத்த சரக்கே மட்டம் என்றால் கம்பெனி மேல் கேஸ் போட முடியுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போடலாம். ஆனால் அது எந்தக் கம்பெனி? மூன்று பக்கக் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லையே, அம்மா!

இம்பிளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு) பெட்டியில் ஸ்டிக்கர் இருக்கும். தொடை எலும்பு முனைக்கு ஒன்று, கீழ்க்கால் எலும்புக்கு ஒன்று, நடுவில் வைக்கும் பிளாஸ்டிக்குக்கு ஒன்று. கம்பெனி பெயர், அளவு, லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) எல்லாம் அதில் உண்டு. ஆபரேஷன் குறிப்பில் ஒட்டிவைப்பார்கள். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் அந்த ஸ்டிக்கர்களைப் பழைய டிக்கெட் கட்டு மாதிரி ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். அவர் வேலை பாதி அங்கேயே முடிந்தது. நீங்கள் இன்றே எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. அதே விதி 3 வருஷம்தான் பாதுகாக்கச் சொல்கிறது. உங்களுக்கு மிச்சம் ஆறு மாதம்!

ஸ்டிக்கருக்கு ஏன் இத்தனை பாடு என்கிறீர்களா? ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்டில் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டைத் திரும்பப் பெற்றது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்த விவகாரம். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்கள். அதில் பெரும்பாலானவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மறு ஆபரேஷன் செய்துகொண்டது உறுதியான 67 பேருக்குத் தலா 25 லட்சம் தருவதாக 2019 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் கம்பெனி ஒப்புக்கொண்டது.

சரி, உங்கள் விஷயம். லூஸானதெல்லாம் மட்டச் சரக்கு ஆகிவிடாது. கிருமித் தொற்றாக இருக்கலாம், பொருத்தியதில் கோணம் பிசகியிருக்கலாம். கம்பெனி வக்கீல் முதலில் இதைத்தான் சொல்வார். பதில் சொல்லப்போவது கழற்றி எடுக்கும் அந்த உலோகத் துண்டுதான். அதைத் தான் பெரும்பாலும் குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

2019 நுகர்வோர் சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ (குறையுள்ள பொருளால் வந்த பாதிப்புக்கு ஈடு கேட்பது) என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரித்தவர், விற்றவர் இருவரையும் சேர்க்கலாம். சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. கெடு 2 வருஷம். ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணி ‘கெடு தாண்டிவிட்டது’ என்பார்கள். கோளாறு தெரிந்தது இப்போதுதான் என்று காட்ட, டாக்டர் ‘லூஸ்’ என்று எழுதிய சீட்டும் எக்ஸ்ரேயும் தேதியோடு வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாளே, “கழற்றும் பாகங்களைச் சுத்தம் செய்து, சீல் வைத்து எங்களிடம் தர வேண்டும்” என்று அம்மா கையெழுத்தோடு மனு கொடுங்கள். நகலில் மருத்துவமனை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். புது மூட்டின் ஸ்டிக்கரையும் சேர்த்துக் கேளுங்கள்.