முடிவைக் காட்டாத நள்ளிரவுக் காட்சி: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பினாங்குத் தீவில் ஒரு பேரங்காடித் திரையரங்கில், மாயாஜாலத் தொடர்படம் ஒன்றின் இறுதிப் பாகத்தைப் பார்க்கப் பிள்ளைகளோடு நள்ளிரவுக் காட்சிக்குப் போனோம். நான்கு டிக்கெட், 88 ரிங்கிட். முடிய இருபது நிமிடம் இருக்கும்போது திரை இருண்டுவிட்டது. புரொஜக்டர் பழுதாம். ஆளுக்கொரு வவுச்சர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதுவும் வார நாள்களில்தான் செல்லும். பணத்தைக் கேட்டால், ‘பணம் திரும்பத் தரப்படாது என்று டிக்கெட்டிலேயே இருக்கிறது’ என்கிறார்கள். பாலத்துக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குத் திரும்பிய கிராப் (வாடகைக் கார்) செலவும் சேர்த்துக் கேட்கலாமா?

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஐயா. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை டிக்கெட்டில் அச்சடித்த ஒரு வரியால் பறிக்க முடியாது. அதன் 6ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. மனம் மாறி வராமல் இருந்துவிட்டவருக்கு அந்த வரி பொருந்தலாம். நீங்கள் வந்து உட்கார்ந்தவர்.

சேவையில் உள்ள குறை சரிசெய்யக் கூடியது என்றால், முதலில் சரிசெய்யச் சொல்ல வேண்டும். முடியாதது, அல்லது பெரிய குறை என்றால், ஒப்பந்தத்தை ரத்து செய்து பணம் கேட்கலாம். ‘இரண்டு மணி நேரம் பார்த்தீர்களே, வவுச்சரும் கொடுத்தோமே’ என்று அவர்கள் வாதாடுவார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த கதையின் முடிவுக்காகத்தான் பிள்ளைகளோடு அந்த நேரத்தில் போனீர்கள். அது கிடைக்காதது சின்னக் குறை அல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் பார்த்த பகுதிக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் சொல்லவும் கூடும்.

மின்சாரம் தடைப்பட்டதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பிறர் செயலோ, மனிதக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணமோ மட்டுமே இருந்தால் அவர்கள் தப்பிக்கலாம். சொந்த புரொஜக்டர் பழுதானதை அப்படிச் சொல்ல முடியாது.

கிராப் செலவு சிரமம். படம் முழுதாக ஓடியிருந்தாலும் வீடு திரும்பத்தானே வேண்டும்? முடிவைப் பார்க்க மறுபடி பாலம் கடக்க நேர்ந்தால், அந்தச் செலவைக் கேட்பதில் நியாயம் உண்டு.

முதலில் மின்னஞ்சலில் பணத்தைக் கேட்டு, இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். மசியாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரிக்கைப் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள். கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டு கால வரம்பு. பொதுவாக அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, ஆகவே அந்தச் செலவும் இல்லை. டிக்கெட், பணம் கட்டிய ரசீது, அவர்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். அப்புறம், அந்த வவுச்சரை இப்போது பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால், அதையே தீர்வாக ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதாட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.