அமேசான் சேல்ஸ் இன்டர்வியூ: அஞ்சு ரவுண்டுலயும் உங்க பழைய டீலைத்தான் தோண்டுவாங்க

கேள்வி: திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் நாலு வருஷமா கம்பெனிகளுக்கு லீஸ்டு லைன் (அவங்களுக்குன்னே தனியா குடுக்குற இன்டர்நெட் லைன்) விக்கிறேன். அமேசானோட கிளவுட் பிரிவு, அதாவது கம்ப்யூட்டர் வசதியை இன்டர்நெட் வழியா வாடகைக்கு விடுற ஏ.டபிள்யூ.எஸ்ல சேல்ஸ் வேலைக்கு ரெக்ரூட்டர் பேசி முடிச்சுட்டாங்க, பத்து நாள்ல அஞ்சு இன்டர்வியூ இருக்குன்னு மெயில் வந்திருக்கு. டெக்னிக்கலா பெருசா தெரியாது, இங்கிலீஷும் சரளமா வராது. என்ன கேப்பாங்க, சம்பளம் எப்படி பேசுறது?

பதில்: தம்பி, இங்கிலீஷ் பயத்தை முதல்ல விடுங்க. பதினாறு வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன், மேசைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்திருக்கேன், இங்கிலீஷ் தடுமாறினதால தோத்தவங்களை விட தன்னோட டீலே தனக்கு சரியா ஞாபகம் இல்லாம தோத்தவங்கதான் அதிகம்.

அங்க 16 லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ்னு, ஆளுங்க எப்படி வேலை செய்யணும்ங்கிற கொள்கைகள் வச்சிருக்காங்க, 2021 வரைக்கும் 14 இருந்துச்சு, அப்புறம் ரெண்டு சேர்த்தாங்க. அமேசான் வெப்சைட்லயே இருக்கு, படிச்சுக்கோங்க, ஆனா மனப்பாடம் பண்ணி ஒப்பிக்காதீங்க. இன்டர்வியூ எடுக்குறவங்க அந்த பிரின்சிபிள்ஸை ஆளுக்கு ரெண்டு மூணா பிரிச்சுக்கிட்டு வருவாங்க, "ஒரு கஸ்டமர் உங்ககிட்ட கோவப்பட்ட நேரத்தை சொல்லுங்க"ன்ற மாதிரிதான் பெரும்பாலான கேள்வி ஆரம்பிக்கும். சூழ்நிலை என்ன, உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, கடைசில என்ன ஆச்சு, இந்த வரிசைல சொல்றதைத்தான் ஸ்டார் மெத்தட்னு சொல்றாங்க. அதுல மூணாவதுக்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கணும், நம்ம ஆளுங்க சூழ்நிலையை விளக்குறதுலயே பாதி நேரத்தை கரைச்சுடுறாங்க.

ஒரு உதாரணம் பாருங்க. "கஸ்டமரோட நல்ல ரிலேஷன்ஷிப் பில்ட் பண்ணி டீமா சேர்ந்து டீலை குளோஸ் பண்ணோம்"னு சொன்னா அடுத்த நொடியே "சரி, அதுல நீங்க என்ன பண்ணீங்க?"ன்னு வரும். அதையே இப்படி சொல்லிப் பாருங்க: "ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, வேற லைனுக்கு மாசம் 18,000 கட்டிட்டிருந்தாங்க, எங்க விலை 26,000. பர்ச்சேஸ் மேனேஜர் ரெண்டு தடவை வேண்டாம்னுட்டார். நான் அவர்கிட்ட அனுமதி கேட்டு ஷிப்பிங் செக்ஷன்ல ஒரு மதியம் உக்காந்தேன், மூணு மாசத்துல லைன் நாலு தடவை போயிருக்கு, ஒரு தடவை டாக்குமென்ட் அப்லோட் ஆகாம கன்டெய்னர் தூத்துக்குடில கப்பலை விட்டிருக்கு. அந்த நஷ்டத்தை ஒரே பக்கத்துல எழுதி பர்ச்சேஸ் மேனேஜரையும் கூட்டிட்டுப் போய் முதலாளிகிட்ட காட்டினேன்."

இதோட விடமாட்டாங்க. நாலு தடவைன்ற கணக்கு எங்கேர்ந்து வந்துச்சு, டிஸ்கவுன்ட் ஏன் குடுக்கல, அந்த கஸ்டமர் இன்னைக்கும் இருக்காங்களான்னு உள்ள போயிட்டே இருப்பாங்க. நிஜமா நடந்ததா இருந்தா பதில் தானா வரும், கட்டுன கதைன்னா மூணாவது கேள்வில உடைஞ்சுடும். தோத்த டீல் ஒண்ணாவது கண்டிப்பா கேப்பாங்க, அதுல மார்க்கெட் மேல, மேனேஜர் மேல பழி போடாம எங்க நீங்க தப்பா கணிச்சீங்கன்னு நேரா சொல்லுங்க. கஸ்டமர் பேர் மட்டும் எங்கயும் சொல்லாதீங்க.

அஞ்சு பேருக்கும் ஒரே கதையை சொன்னா மாட்டிப்பீங்க, ஏன்னா முடிஞ்சதும் எல்லாரும் உக்காந்து நோட்ஸை ஒப்பிட்டுப் பாப்பாங்க. எட்டு பத்து கதை வேணும். அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் பார் ரெய்சர், நீங்க சேரப்போற டீமுக்கு வெளியில இருந்து வர்றவர், அவர் ஒத்துக்கலைன்னா மேனேஜருக்கு உங்களைப் பிடிச்சாலும் வேலை கிடைக்காது. அதனால மேனேஜர் ரவுண்டு நல்லா போச்சுன்னு மத்ததுல அசந்துடாதீங்க.

நம்பர் கேப்பாங்க. வருஷ டார்கெட் 1.20 கோடி, முடிச்சது 1.32 கோடி, 110 சதவீதம்னு யோசிக்காம சொல்ல வரணும், சராசரி டீல் எவ்வளவு, எத்தனை நாள்ல முடியும், பத்து ப்ரோபோசல்ல எத்தனை ஜெயிக்கும், இதெல்லாமும். ஏத்திச் சொல்லாதீங்க, சம்பள ஸ்லிப்ல இன்சென்டிவ் தெரிஞ்சுடும்.

டெக்னிக்கல் விஷயத்துல இந்த வேலைக்கு ஒண்ணு புரிஞ்சா போதும்னு நினைக்கிறேன். லீஸ்டு லைன்ல கையெழுத்து வாங்கினா மாசாமாசம் வாடகை வந்துடும், கிளவுட்ல கஸ்டமர் எவ்வளவு பயன்படுத்துறாரோ அவ்வளவுக்குத்தான் பில், அதனால கையெழுத்துக்கு அப்புறம்தான் உங்க வேலையே ஆரம்பிக்குது. இன்டர்வியூல "வித்ததுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க"ன்னு கேக்குறது அதனாலதான். டேட்டா இந்தியாக்குள்ளயே இருக்குமான்னு நம்ம ஊர் கஸ்டமர் கேப்பார், மும்பைல 2016லயும் ஹைதராபாத்ல 2022லயும் அவங்க டேட்டா சென்டர் ரீஜன் (டேட்டாவை வைக்கிற கம்ப்யூட்டர் மையங்களோட தொகுதி) திறந்திருக்காங்கன்ற அளவுக்காவது தெரிஞ்சு வச்சுக்கோங்க.

சம்பளத்துக்கு வருவோம். சேல்ஸ்ல மொத்தமா ஒரு தொகை சொல்வாங்க, அதுல நிலையான சம்பளம் எவ்வளவு, டார்கெட்டை தொட்டா மட்டும் வர்றது எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க. ஷேர் குடுத்தா எந்த வருஷம் எவ்வளவு கைக்கு வரும்னும் கேளுங்க, அமேசான்ல பல வருஷமா இருந்த வழக்கம் முதல் வருஷம் 5 சதவீதம், ரெண்டாவது 15, மூணாவதும் நாலாவதும் 40, 40. அப்போ ரெண்டு வருஷத்துல கிளம்பினா அஞ்சுல ஒரு பங்குதான் கிடைக்கும். போன வருஷம் டீம்ல எத்தனை பேர் டார்கெட் தொட்டாங்க, புதுசா சேர்றவங்களுக்கு முழு டார்கெட் எந்த மாசத்துல ஆரம்பிக்கும், இந்த ரெண்டையும் மேனேஜர்கிட்டயே கேளுங்க, நல்ல சேல்ஸ் மேனேஜர் இதைக் கேட்டா மதிப்பார்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வராம இருக்குற வேலையை விட்டுடாதீங்க. எனக்கு ஒரு பெரிய டெக் கம்பெனில ஆறு ரவுண்டு முடிஞ்சு "வெல்கம்"னு வாயால சொன்னாங்க, ரெண்டு மாசம் சத்தமே இல்ல, அப்புறம் ஆள் எடுக்குறதையே நிறுத்திட்டோம்னு ரெண்டு வரி மெயில். அதை நம்பி நான் நோட்டீஸ் குடுத்திருந்தேன், வேலையில்லாம இருந்த மூணு மாசம் வீட்டு வாடகைக்கு மாமனார்கிட்ட கை நீட்டினேன்.

பத்து நாள்ல முதல் ரெண்டு நாள் பழைய மெயில், வாட்ஸ்அப், டைரி எல்லாத்தையும் தோண்டி கதைகளை தேதியோட, நம்பரோட தமிழ்லயே எழுதுங்க. அப்புறம் ஒவ்வொண்ணையும் இங்கிலீஷ்ல மூணு நிமிஷத்துக்குள்ள போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, எங்கெல்லாம் "வீ"ன்னு வருதோ அங்க நீங்க செஞ்சதுதானான்னு பாத்து "ஐ"ன்னு மாத்துங்க.